டிக்கிக்குள் நுழையாத பெட்டி

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு மாலைப்பொழுதில் என் தமக்கை தொலைபேசியில் அழைத்து, ஒரு மரப்பெட்டியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். அவள் வைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் அவள் கணவர், அதாவது என் அத்தான், அழைத்தார். அதே பெட்டியைப் பற்றி, மூச்சு விட்டு விட்டுப் பேசினார். இருவரும் ஒரே கேள்வியில் வந்து முடித்தார்கள்: "நீயே சொல்லு, யார் பக்கம் நியாயம்?"

அவளிடம் "உன் பக்கம்தான்க்கா" என்றேன். அவரிடம் "உங்க பக்கம்தான் அத்தான்" என்றேன். இருவரும் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் என்பதை அந்த நேரத்தில் நான் கருத்தில் கொள்ளவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்தே அழைத்தார்கள்.

"ஏன்டா, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தா நாங்க எதுக்குடா சண்டை போடுறோம்?" என்றாள் தமக்கை.

"விடும்மா. கல்யாணத்தன்னைக்கே கவனிச்சேன், அவன் வழவழா கொழகொழாதான்" என்று பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. பெட்டி வந்தபின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"எழுதித் தர்றேன்" என்று சொல்லித் தப்பித்தேன்.

எழுதுவது என் தொழில்தான். ஆனால் வேறு வகை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீடு மறுக்கப்பட்டவர்களுக்கு அச்செய்தியைத் தெரிவிக்கும் கடிதங்களை வரைபவன் நான். "தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்" என்று தொடங்கி, படிப்பவருக்கு வலிக்காத ஓர் இடத்தில் இல்லை என்று சொல்லி முடிப்பேன். சிலர் நன்றி தெரிவித்துப் பதில் எழுதியிருக்கிறார்கள்; பணம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள் போலும். அந்தப் பாணியில்தான் இதையும் தொடங்கினேன். ஆனால் இரண்டாம் பத்தியிலேயே "காரின் பின்மூடியில் மாலை வெயில் சாய்ந்திருந்தது" என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்துவிட்டது. மறுப்புக் கடிதத்தில் வெயிலுக்கு இடமில்லை. நான் எழுதிக்கொண்டிருப்பது கதை என்று அப்போதுதான் தெரிந்து, பயந்துபோனேன்.

விவகாரம் இவ்வளவுதான்: அத்தானுக்குக் காரில் ஒரு சப்வூஃபர் வேண்டும். தமக்கைக்கு டிக்கியில் பெட்டி கூடாது. அவசர வேலை உள்ள வாசகர்கள் இந்த இடத்திலேயே விடைபெற்றுக்கொள்ளலாம்; வருத்தப்பட மாட்டேன். [வருத்தப்படுவேன்.]

2

கைவிடப்பட்ட தொடக்கங்களை ஒளித்து வைப்பது நேர்மையாகாது என்பதால் கீழே தருகிறேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. கதை என்றால் பெய்ய வேண்டும் என்று எங்கோ மனத்தில் பதிந்திருக்கிறது.

"ஒலி என்பது யாது? காற்றின் அசைவே ஒலி எனில், மானுட வாழ்வில் அமைதி என்பது —" இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அமைதி என்பது என்னவென்று எனக்கும் தெரியவில்லை.

"அந்த மனிதருக்கு ஒரு சப்வூஃபர் வேண்டியிருந்தது." இது சரியாக இருந்தது. ஆனால் இதைப் படித்ததும் தாங்கள் "ஏன்?" என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையின் சங்கடங்கள் அனைத்தும் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

[சப்வூஃபரை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: பாட்டின் அடித்தொண்டையை மட்டும் பாடுகிற பெரிய ஸ்பீக்கர் அது. "தும்" என்று அது எழுப்பும் ஓசையைக் காதைவிட வயிறுதான் அதிகம் கேட்கும். அதைத் தனியாக வைத்து ஓட்டினால் பயனில்லை. முன்பக்கம் அது தள்ளுகிற காற்றைப் பின்பக்கம் அது இழுக்கிற காற்று விழுங்கிவிடும். எனவே இரண்டும் சந்திக்காதபடி நடுவில் ஒரு பெட்டி வேண்டும். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு மைத்துனனைப் போல — இந்த உவமையை அடித்துவிட்டேன்; அடித்தது தெரிய வேண்டும் என்று விட்டும் வைத்திருக்கிறேன்.]

3

அத்தான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவர். மங்கலான சிறிய அறை. எதிர்ச் சுவரில் எழுத்துகள். வந்தவர் மூக்கில் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று நாள் முழுவதும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அறையில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. வீட்டிலும் அவர் அப்படியே. சட்டையைத் தமக்கை எடுத்து வருவாள், அவர் போட்டுக்கொள்வார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். "எனக்கு இது வேணும்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்படிப்பட்டவர் தலை நரைக்கத் தொடங்கும் வயதில் திடீரென்று சப்வூஃபர் கேட்டால் எந்த வாசகர் நம்புவார்? ஆகவே அவருக்குக் காரணம் தேடித் தருவது ஆசிரியனின் கடமை என்று கருதினேன்.

"இளமையில் அவருக்கு ஒரு நண்பன் இருந்தான். டிரம் வாசிப்பவன். ஒரு மழை நாளில் —" மறுபடியும் மழை. நண்பனைக் கொன்ற கையோடு எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மருத்துவர் அவருடைய காதுகளைப் பரிசோதித்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். இனி அதிர்வுகள் மட்டுமே —" இதை எழுதும்போது என் கண்கள் கலங்கின. நன்றாக வந்திருப்பதாக நினைத்து, முதலில் எழுதியதையும் சேர்த்து அத்தானுக்கே தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

"தம்பி, எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

"இது கதை அத்தான்."

"அப்ப அந்தச் செத்துப்போன ஃப்ரெண்டு யாரு?"

"அவரும் கதைதான்."

"அவன் உயிரோடவே இருக்கட்டுமே, பாவம். பாட்டு நல்லா கேக்கணும்னு நான் ஆசைப்படுறதுக்கு ஒரு ஆள் சாகணுமா?"

"அப்படின்னா ஏன் அத்தான் வேணும்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று ஒருமுறை "ஹலோ" சொல்லிப் பார்த்தேன்.

"கடைக்கு ஃப்ரேம் கொண்டுவர்ற ஒருத்தர் அன்னைக்கு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாரு. அவர் வண்டியில பாட்டுப் போட்டாரு. சீட்டுக்குப் பின்னாலேருந்து யாரோ முதுகுல தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இறங்கிட்டேன். அவ்வளவுதான். காரணம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலப்பா. உங்கக்காவும் இதைத்தான் கேக்குறா."

நண்பரை உயிர்ப்பித்துவிட்டேன். காதுகளையும் குணப்படுத்திவிட்டேன். காரணம் இல்லாத ஒரு கதாபாத்திரத்தோடு இனி நடக்கவேண்டியதுதான்.

4

தமக்கை திரைச்சீலைகள் தைப்பவள். வீடுகளுக்குப் போய் ஜன்னல்களை அளந்து, துணி வெட்டி, மடிப்பு வைத்துத் தைத்து, தானே ஏணி மேல் ஏறி மாட்டியும் விட்டு வருவாள். தைத்து முடித்த சீலைகள் கசங்காமல் போய்ச் சேர வேண்டும். எனவே அந்தப் பழைய காரின் டிக்கி, பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருந்தாலும், நடைமுறையில் அவளுடைய தொழிற்கூடத்தின் ஒரு பகுதி.

கதையின் முதல் படியில் அவளைச் சற்றுக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சண்டை என்றால் ஒருவர் பக்கம் சாய வேண்டும் என்று எண்ணியதால் வந்த வினை. அவள் அந்தக் கையெழுத்துப் படியைக் கேட்டு வாங்கி, தன்னைப் பற்றிய பக்கங்களை மட்டும் படித்து, பென்சிலால் ஓரத்தில் குறிப்புகள் எழுதித் திருப்பிக் கொடுத்தாள். எழுத்தாளர்களின் உறவினர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள் என்று அறிகிறேன். "அவள் கண்கள் சினத்தால் சிவந்தன" என்ற வாக்கியத்தின் அருகே இப்படி இருந்தது:

[கண்ணு சிவந்தது வெங்காயம் நறுக்கினதால. நீ வந்து மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டுப் போன அன்னைக்கு.]

வாக்கியத்தை நீக்கிவிட்டேன். அவள் வாதத்தை அவள் சொற்களிலேயே தருவது பாதுகாப்பானது:

"அவருக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லடா. எதுக்குன்னு கேட்டா 'சும்மா'ங்கிறாரு. என் வேலைக்கு வேண்டிய இடத்தைத் தூக்கி ஒரு 'சும்மா'வுக்குக் குடுக்கணுமா? ஒரு காரணம் சொல்லட்டும். ஒண்ணே ஒண்ணு."

இதில் எங்கே பிழை இருக்கிறது? தாங்களே சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன்: உன் பக்கம்தான்க்கா.

5

கார் ஒலிச் சாதனங்கள் விற்கும் கடைக்கு மூவரும் போனோம். என்னை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தால் மறுத்திருப்பேன்.

கடைக்காரர் எல்லோரையும் "பாஸ்" என்றழைத்தார். தமக்கையை மட்டும் மேடம்.

"பட்ஜெட் சொல்லுங்க பாஸ்."

அத்தான் அவர் காதருகே சொன்னார். கடைக்காரர் முகத்தில் ஓர் அனுதாபம் தோன்றி, தொழில் கருதி உடனே மறைந்தது.

"நோ ப்ராப்ளம். இந்த ரேஞ்சுலயும் அடிக்கிற ஐட்டம் இருக்கு. பாருங்க, ஆயிரத்து இருநூறு வாட்ஸ்!"

அட்டைப்பெட்டியில் அந்த எண் நெருப்புப் படத்தோடு அச்சிடப்பட்டிருந்தது. அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, பெட்டியின் அடிப்பக்கத்துப் பொடி எழுத்துகளை மூக்கு உரசுமளவுக்குக் குனிந்து படித்தார். பொடி எழுத்துகள் அவருடைய பிழைப்பு.

"இங்க நூத்தம்பதுன்னு போட்டிருக்கே?"

"அது தொடர்ந்து ஓடும்போது பாஸ். பெரிய நம்பரு ஒரு செகண்டுக்கு."

"மிச்ச நேரத்துக்கு?"

"மிச்ச நேரத்துக்கு நூத்தம்பதுதான்."

"எல்லா மாப்பிள்ளைங்க மாதிரிதான்" என்றாள் தமக்கை. "கல்யாணத்தன்னைக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு."

அத்தான் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், பிறகு அது அவரைப் பற்றியது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

தேர்வு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், காற்று போய்வரத் துளை வைத்த பெட்டியோடு. "சத்தம் எகிறும் பாஸ். ஆனா டிக்கி மொத்தமும் இதுக்கே." அதைக் கேட்ட மாத்திரத்தில் தமக்கை வாசலை நோக்கித் திரும்பினாள். இரண்டாவது, இருக்கைக்கு அடியில் நுழைந்துகொள்ளும் தட்டையான ஒன்று. "இருக்கிறதே தெரியாது மேடம்." தமக்கை திரும்பி வந்தாள். மூன்றாவது, பத்து அங்குலம், முழுவதும் மூடிய பெட்டி. "சின்னப் பெட்டி போதும். சத்தம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கும். ஆனா 'தும்'னா 'தும்'. வளவளன்னு இழுக்காது."

கடைவாசலில் நின்ற காரில் அத்தானை உட்கார வைத்து, கடைக்காரர் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார். "இது ஓகேவா பாஸ்? இல்ல, இதுவா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்டே பழகியவரிடம் ஒருவர் அதைத் திருப்பிக் கேட்கிறார். அத்தான் தடுமாறிப் போனார். இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டையானதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மூடிய பெட்டியைப் போட்டபோது, முதுகை இருக்கையில் நன்றாகச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார். காரின் நம்பர் பிளேட் கடகடவென்று அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?" என்றாள் தமக்கை.

"அதான் மேடம் எஃபெக்ட்டு."

"நம்பர் பிளேட் கழண்டு விழறதா எஃபெக்ட்டு?"

ஆனால் அதைச் சொல்லும்போது அவள் நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. காரின் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

[ஆமா, பார்த்தேன். இதை மாத்தாத.]

மாற்றவில்லை. "ரெடிமேட் பெட்டி வேண்டாம்" என்றாள் கடைசியில். "அது டிக்கி நடுவுல சட்டமா உக்காந்துக்கும். ஸ்பீக்கரை மட்டும் குடுங்க. மூலையில ஒட்டிக்கிற மாதிரி பெட்டியை நாங்களே செஞ்சுக்கிறோம்." பத்து அங்குல ஸ்பீக்கரையும், அதற்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அத்தான் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் வந்தார். கார் ஓட்டியது தமக்கை.

6

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே இதை ஐயத்தோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டிக்கியின் இடது மூலையில், சக்கர மேட்டுக்கும் இருக்கையின் முதுகுக்கும் நடுவே, பெரிய வேலை வரும் நாட்களைத் தவிர சீலைகளுக்குப் பயன்படாத ஒரு கோணல் இடம் இருந்தது. தமக்கை நாடாவோடு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து அதை அளந்தாள். பழுப்புத்தாளில் வடிவம் வெட்டி, உள்ளே வைத்துப் பார்த்து, ஓரத்தைக் கத்தரித்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். ஸ்பீக்கரோடு வந்த தாளில் உள்ளே எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று இருந்தது. ஸ்பீக்கரின் பின்பாகம் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அத்தான் பெட்டியைச் சற்று உயர்த்தினார். கூடத்தில், அவள் துணி வெட்டும் மேசைமேல், பலகைகள் ஏறின.

"தலையணைப் பஞ்சை உள்ள அடைச்சா, சின்னப் பெட்டியே கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி கேக்குமாமே?" என்றார் அத்தான், தாளைப் பார்த்து.

"குஷன் தைச்ச பஞ்சு மூட்டையா கிடக்கு. முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அவள் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து உதறிக் கொடுக்க, அவர் பெட்டிக்குள் பரப்பினார். மூட்டுகளில் காற்றுப் போகாதபடி சிலிகான் பசை பூசினார்கள். "அந்த ஓரத்துல விட்டுட்டீங்க." "எங்க?" "கண்ணு டெஸ்ட் பண்றவருக்குக் கண்ணு தெரியல பாரு." மீந்த சாம்பல் நிறத் திரைத்துணியால் பெட்டிக்கு ஒரு மேலுறையும் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வீட்டில் யாரும் "ஏன்" என்று கேட்கவில்லை.

[என் பங்களிப்பு: பசை காயும்வரை பலகையின்மேல் பாரமாக உட்கார்ந்திருந்தேன். இலக்கியத்திலும் இதுவரை அதைத்தான் செய்திருக்கிறேன்.]

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தோம். நுழையவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

"சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கேன்."

"இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்! தம்பி, நீ எதுக்குடா இழுக்கிற?"

"நான் இழுக்கலக்கா. சும்மா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தொட்டுக்கிட்டா? அப்ப முழு பாரமும் என் கையிலயா?" என்றார் அத்தான்.

குப்புறப் பிடித்துப் பார்த்தோம். நிமிர்த்திப் பார்த்தோம். மேலுறையைக் கழற்றிப் பார்த்தோம். டிக்கியின் வயிறு பெரியது, வாய் சிறியது. வயிற்றை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்திருந்தோம். வாயை அளக்கவே இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று பிறகு யோசித்தேன். தமக்கை இதுவரை தைத்த எதுவும் ஒரு வாசலில் சிக்கிக்கொண்டதில்லை. எவ்வளவு பெரிய ஜன்னலின் சீலையும் மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். அத்தான் கையாளும் கண்ணாடி எதுவும் சட்டைப்பையில் போய்விடும். நான் எழுதுபவை உறைக்குள் போய்விடும். விறைப்பான ஒரு பொருளை விறைப்பாகவே ஓரிடத்துக்குள் கொண்டுபோகிற பழக்கம் எங்கள் மூவரில் ஒருவருக்கும் இல்லை.

[இந்தக் கதைக்கும் ஓர் அருமையான முடிவை முன்பே செய்து வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால், நான் எழுதிய தொடக்கத்தின் வழியாக அது உள்ளே வர மறுக்கிறது. கதை எழுதுவோர் தயவுசெய்து வாயை முதலில் அளக்கவும்.]

7

பெட்டி கூடத்துக்குத் திரும்பியது. இரண்டு நாளில் தமக்கை அதன்மேல் கத்தரிக்கோலை வைக்கத் தொடங்கினாள். அடுத்து ஊசிப் பெட்டி. பிறகு மடித்த துணிகள்.

வழி இல்லாமல் இல்லை. காரின் பின்னிருக்கை முதுகைக் கழற்றிவிட்டால், கதவு வழியாகப் பெட்டியை உள்ளே கொண்டுபோய், அங்கிருந்து டிக்கிக்குள் தள்ளிவிடலாம். விலை உயர்ந்த கார்களில் அந்த முதுகு தானாகவே மடியுமாம். இது அந்த வகைக் கார் இல்லை. போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டால், தமக்கைக்குப் பெரிய வேலை வரும் நாளில் பெட்டியைச் சட்டென்று வெளியே எடுக்க முடியாது. அந்த மூலை நிரந்தரமாகப் போய்விடும்.

"இவ்வளவு முட்டுக்கட்டை வருதுன்னா, இது தேவைதானான்னு யோசிச்சுப் பாருங்க" என்றாளாம். "ஏன் வேணும்னு ஒரு காரணம் சொல்லுங்க. நானே ஸ்பேனரை எடுத்துக் கழட்டுறேன்."

அத்தான் யோசித்துப் பார்த்திருக்கிறார். பிறகு, "வேண்டாம் விடு. யாருக்காவது குடுத்துடலாம்" என்றிருக்கிறார்.

வாதத்தில் வென்ற தமக்கைக்கு அன்றிலிருந்து வீடு பிடிக்கவில்லை. சாப்பாடு எப்படி என்றால் "நல்லாத்தான் இருக்கு." புதுச் சட்டை எப்படி என்றால் "நல்லாத்தான் இருக்கு." கோபமாவது பட்டாரா என்றால் அதுவும் இல்லை. முதன்முதலாக ஒன்றை வேண்டும் என்று சொல்லிப் பார்த்த மனிதர், அதை மடித்து வைத்துவிட்டார். இனி எதையும் கேட்கமாட்டார் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குத் தொலைபேசினாள். அவர் ஏன் தொலைபேசினார் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

8

முடிவுகளைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முடிவு. அவர் வேலைக்குப் போயிருக்கும்போது தமக்கை யாருக்கும் தெரியாமல் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பெட்டியைப் பொருத்திவிடுகிறாள். மாலையில் அவர் காரைக் கிளப்புகிறார். முதல் "தும்". அவர் கண்களில் —

[காரை எடுத்துக்கிட்டுத்தானே வேலைக்குப் போயிருப்பாரு? அப்புறம் மெக்கானிக் எதுல பொருத்துவான், காத்துலயா?]

இரண்டாம் முடிவு. பெட்டி கூடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுகள் உருள்கின்றன. அதன்மேல் ஒரு விளக்கு. விருந்தினர் எவருக்கும் அது என்னவென்று தெரிவதில்லை. இதைத் தொலைபேசியில் கேட்ட அத்தான், "ஆண்டுகள்னா எத்தனை ஆண்டு தம்பி?" என்றார். "அதுவரைக்கும் கூடத்துலயேவா கிடக்கும்?" அவர் குரலில் கவலை இருந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னவருக்கு ஏன் கவலை? அவர் என்னை அழைத்த காரணம் அப்போது கொஞ்சம் விளங்கியது.

மூன்றாம் முடிவு. "தங்கள் இருவர் கோரிக்கைகளையும் மிகுந்த கவனத்துடன் பரிசீலித்ததில், இரு தரப்பிலும் —"

[நழுவாதடா.]

9

வேறு வழியின்றிக் கையெழுத்துப் படி முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தமக்கை மேசைமேல் துணியைத் தள்ளிவிட்டு உரக்கப் படித்தாள். அத்தான் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் "அதுல உக்காராதே" என்றார்கள்.

செத்த நண்பன் வந்த இடத்தில் சிரித்தாள். காது கேளாமல் போகும் இடத்தில் "அடப்பாவி" என்றாள். பிறகு, அவள் அதுவரை படித்திராத அந்த வரிகள் வந்தன. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"முதுகுல தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சா?"

செய்தித்தாள் சற்று உயர்ந்தது.

"ஏங்க. உங்களைத்தான் கேக்குறேன். இதை எப்பச் சொன்னீங்க?"

"அவன்கிட்டதான் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ காரணம் கேட்ட" என்றார் அத்தான். "இது காரணம் இல்லையே."

தமக்கை தாள்களை அடுக்கி, விளிம்புகளைச் சமமாகத் தட்டி, மேசைமேல் வைத்தாள். மீதியைப் படிக்கவில்லை. [முடிவுகளுக்கு அடுத்த பக்கம் எதுவும் இருக்கவில்லை என்பதால் இழப்பொன்றும் இல்லை.] ஏணிக்குப் பக்கத்தில் இருந்த கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனோம்.

அவள் காரின் பின்கதவைத் திறந்து, இருக்கை மெத்தையை ஒரு பக்கமாக நெம்பித் தூக்கி, தரையில் வைத்தாள். அடியில் ஒரு சீப்பும் பழைய ரசீதுகளும் கிடந்தன. முதுகின் போல்ட் தெரிந்தது. அதில் ஸ்பேனரைப் பொருத்தினாள். திருப்பவில்லை.

"இங்க வாங்க."

அத்தான் போய் நின்றார்.

"எதுக்குன்னு கேக்க மாட்டேன். வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"உன் கர்ட்டன் எல்லாம் எங்க..."

"நான் கர்ட்டனைக் கேக்கல."

"இல்லம்மா, பெரிய ஆர்டர் வந்தா அந்த மூலை..."

"மூலையையும் கேக்கல."

"இவன் எழுதியிருக்கிற மாதிரி பார்த்தா..."

"அவன் கிடக்குறான். உங்களைக் கேக்குறேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை அது. எனக்கு அந்தக் கணத்தில் காரின் டயரைப் பார்க்க வேண்டியிருந்தது. தமக்கை ஸ்பேனரைப் பிடித்தபடியே குனிந்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொன்னார்.

10

ஒரே ஒரு சொல்தான் சொன்னார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்ததால் எனக்குத் தெளிவாகவே கேட்டது. தமக்கைக்கும் கேட்டது, அதற்கேற்றபடி அவள் கையும் அசைந்தது. ஆயினும் அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கோர வேண்டியவன்தான். இந்த ஒருமுறை மட்டும் கோராமல் விடுகிறேன்.

இந்தக் கதை நெடுகிலும் அந்த மனிதரின் சார்பில் நானே பேசிவிட்டேன். அவர் ஆசைக்காக ஓர் ஆளைக் கொன்றேன், அவரைச் செவிடாக்கினேன், அழவைக்கவும் முயன்றேன். அவர் வாயிலிருந்து, யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல், முதன்முதலாக ஒரு சொல் வந்திருக்கிறது. அதை அச்சில் ஏற்றினால் நாளையே யாராவது ஒரு நல்ல வாசகர், "ஏன் அப்படிச் சொன்னார்?" என்று எனக்குக் கடிதம் எழுதுவார். நானும் பதில் எழுதிவிடுவேன். என் இயல்பு அப்படி.

ஆகவே கீழே ஒரு வரியில் இடம் விட்டிருக்கிறேன். தங்களுக்குச் சரியென்று தோன்றுவதைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் காரணம் எழுத வேண்டாம்.

"...................." என்றார் அத்தான்.